கண் தெரியாத குதிரைக்கு ஒரு வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் நிலம். தக்காளி, கேழ்வரகு, ஓரமாகப் பத்துப் பன்னிரண்டு மாமரம். அதில் ஒரு மூலையை அடைத்து, ஆறு வருடமாக ரோஜா என்ற பெண்குதிரையை வைத்திருக்கிறோம். கல்யாண ஊர்வலத்துக்குப் போய்க்கொண்டிருந்த குதிரை. இரண்டு கண்ணும் போன பிறகு எங்களிடம் வந்தது. அப்புறம் கண் தெரியாத இன்னும் மூன்று குதிரைகளைச் சில மாதம் வைத்துப் பழக்கி, நல்ல கையாகப் பார்த்து ஒப்படைத்திருக்கிறோம். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் போனில் கேட்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதிவைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து விஷயத்தில் கால்நடை டாக்டர் சொல்வதுதான் முடிவு.

கண் போன குதிரை இருந்து என்ன பயன்? ஊசி போட்டு அனுப்பிவிடுவதுதானே நல்லது?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, பாவம் கஷ்டப்படுகிறதே என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் வலி இல்லாமல் பார்வை மட்டும் போன குதிரை, பழகிவிட்டால் மேயும், புரளும், வெயில் காயும், வீட்டு ஆட்களைக் காலடிச் சத்தத்திலேயே அடையாளம் காணும். குதிரையின் காது ஒவ்வொன்றும் தனித்தனியாகத் திரும்பும். மூக்கும், உதட்டைச் சுற்றியிருக்கும் நீள முடியும் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். ரோஜாவுக்குத் தொட்டி எங்கே, கொட்டகை வாசல் எங்கே, மாமர நிழல் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் விழும் என்பதெல்லாம் மனப்பாடம்.

அதற்கு இருட்டு பெரிய பயமில்லை. நேற்று இருந்த இடத்தில் இன்று ஒரு பொருள் இல்லாமல் போவதுதான் பயம். அதனால் கண் தெரியாத குதிரையைப் பார்த்துக்கொள்வது என்றால், அதன் உலகத்தை அசைக்காமல் வைத்திருப்பதுதான் முக்கால்வாசி வேலை. கீழே நான் சொல்வதெல்லாம் சுற்றிச் சுற்றி இதில்தான் வந்து நிற்கும்.

பார்வை குறைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

குதிரை ஏமாற்றிவிடும். தெரிந்த இடத்தில் பார்வையே இல்லாமல்கூட சாதாரணமாக நடக்கும். வெயிலிலிருந்து இருட்டுக் கொட்டகைக்குள் நுழையத் தயங்குகிறதா, ஒரே பக்கத்தில் மட்டும் மிரள்கிறதா, காலை வழக்கத்துக்கு மேல் உயரத் தூக்கி வைக்கிறதா, தலையைச் சாய்த்துக்கொண்டே நடக்கிறதா, காது ஓயாமல் ஆடுகிறதா என்று கவனியுங்கள்.

கையை முகத்துக்கு நேரே வீசிப் பார்ப்பவர்கள் காற்றை வீசிவிடுகிறார்கள். காற்று பட்டாலே குதிரை கண்ணை மூடும். அதற்குப் பதில் ஒரு பஞ்சு உருண்டையை அதன் கண்ணுக்கு எதிரே சத்தமில்லாமல் கீழே விடுங்கள். பார்வை இருந்தால் தலையோ காதோ அதைத் தொடரும். இரண்டு கண்ணையும் தனித்தனியாகப் பாருங்கள். அப்புறம், பழகாத இடத்தில் நாலு வைக்கோல் கட்டைப் போட்டு நடுவில் மெதுவாக நடத்திப் பாருங்கள்.

கண் ஏன் போகிறது?

நம் பக்கத்தில் எல்லாவற்றையும் சேர்த்து "கண்ணில் பூ விழுந்துவிட்டது" என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பூவுக்குள் ஐந்தாறு நோய் ஒளிந்திருக்கிறது.

உலக அளவில் குதிரைகளின் பார்வையைப் பறிக்கும் முதல் காரணம், திரும்பத் திரும்ப வரும் கண் அழற்சி. டாக்டர்கள் யுவைடிஸ் என்பார்கள். வெள்ளைக்காரர்கள் அந்தக் காலத்தில் இதற்கு நிலாக் குருடு என்றே பெயர் வைத்திருந்தார்கள், நிலா போல வந்து வந்து போவதால். கண் சுருங்கும், நீர் வடியும், வெளிச்சம் ஆகாது, கண் நடுவில் இருக்கும் பாப்பா சின்னதாகிவிடும், கருவிழி நீலம் பாய்ந்ததுபோல் மங்கும். பத்து நாளில் தெளிந்துவிட்டது என்று நாம் நிம்மதி ஆவோம். உள்ளே சேதம் நடந்திருக்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வையை அரித்துக்கொண்டு போகும். லெப்டோஸ்பைரா கிருமி, அதாவது நம்மிடையே எலிக்காய்ச்சல் கொடுக்கும் அதே கிருமி, இதற்கு ஒரு முக்கியக் காரணம். எலி மூத்திரம் கலந்த தண்ணீர், தேங்கிய குட்டை, மூடாத தீவன மூட்டை எல்லாம் கவனிக்க வேண்டியவை.

அடுத்தது கண்ணுக்குள் புழு. கேட்கும்போது நம்பமாட்டீர்கள். மாட்டின் வயிற்றில் சாதுவாக இருக்கும் செட்டேரியா என்ற புழுவின் குஞ்சுகளைக் கொசு எடுத்துக்கொண்டு வந்து குதிரைக்கு ஏற்றிவிடும். வழிதவறிய புழு கண்ணுக்குள் போய், வெள்ளை நூல்போல நெளியும். வெளியிலிருந்தே பார்க்கலாம். மாட்டுக்கொட்டகையும் குதிரையும் ஒட்டியிருக்கிற நம் ஊர்களில் இது சாதாரணமாக நடக்கக்கூடியது. ஆபரேஷன் செய்து புழுவை எடுத்தால் கண் பிழைக்க நிறைய வாய்ப்பு உண்டு. தள்ளிப்போட்டால் கருவிழி வெளுத்துவிடும்.

சீமைக் கருவேல முள், வைக்கோல் நுனி, சாட்டை அடி இவற்றால் வரும் கருவிழிப் புண் மூன்றாவது. ரோஜாவுக்கு ஒரு கண் இப்படித்தான் போயிற்று. சாட்டை என்று சொன்னார்கள். இன்னொரு கண் யுவைடிஸ். கண்புரை, கண் அழுத்தம், சர்ரா என்ற ரத்த நோய் எல்லாமும் உண்டு. கண்ணைச் சுற்றித் தோல் வெளுத்து இளஞ்சிவப்பாக இருக்கும் குதிரைகளுக்கு வெயிலால் இமையில் புற்றும் வரும்.

கண் சிவந்து மூடிக்கொண்டிருக்கிறது. வீட்டிலேயே என்ன செய்யலாம்?

நிழலில் கட்டுங்கள், கண்ணைத் தேய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். வேறு எதுவும் செய்யாதீர்கள். வெங்காயச் சாறு, உப்புத் தண்ணீர், பச்சிலையை மென்று துப்புவது, இவற்றால் கெட்ட கண்ணை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

மெடிக்கலில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தும் வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த சொட்டு, யுவைடிஸுக்கு நல்ல மருந்து. அதே சொட்டைக் கருவிழிப் புண் இருக்கும் கண்ணில் விட்டால் புண் கரைந்து கண்ணே உடைந்துபோகலாம். புண் இருக்கிறதா என்று டாக்டர் ஒரு சாயத்தை விட்டுப் பார்ப்பார், புண் இருந்தால் பச்சையாகத் தெரியும். அந்தச் சோதனை ஆகாமல் ஸ்டீராய்டு விடக்கூடாது. அட்ரோபின் சொட்டு எழுதிக்கொடுத்தால், பாப்பா விரிந்து வெளிச்சம் கூசும், அதனால் நிழல் கட்டாயம். அது குடலையும் மந்தமாக்கும் என்பதால் சாணி ஒழுங்காகப் போடுகிறதா என்று பாருங்கள்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் குதிரை பார்ப்பார்களா?

முதலுதவியும் சாயச் சோதனையும் பெரும்பாலும் நடக்கும். நடமாடும் கால்நடை ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் கூப்பிடலாம். ஆபரேஷன் அளவுக்குப் போனால் தர்மபுரிக்காரர்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, ஓசூர் பக்கத்தவர்களுக்கு பெங்களூரு ஹெப்பாலில் இருக்கும் கால்நடைக் கல்லூரி. கிளம்பும் முன் போன் செய்து, அன்றைக்குக் குதிரையையும் கண்ணையும் பார்க்கத் தெரிந்த டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள்.

கண்ணையே எடுத்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர். மனசு வரவில்லை.

புரிகிறது. ஆனால் பார்வை போய், வலி மட்டும் மிச்சமிருக்கும் கண் குதிரைக்குப் பாரம். நாள் முழுக்கத் தலைவலியோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் வந்த ஒரு மட்டக்குதிரை யாரையும் தலைப்பக்கம் விடாது, கடிக்கும். கண்ணை எடுத்துத் தைத்து, மூன்றாவது வாரம் என் தோளில் தாடையை வைத்து நின்றது. அதன் குணம் கெட்டது என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்!

ஒற்றைக் கண் மட்டும் இருந்தால்?

பெரிய கஷ்டம் இல்லை. குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் இரண்டு கண்ணும் சேர்ந்து கிட்டத்தட்ட 350 டிகிரி பார்க்கும். ஒன்று போனால் ஒரு பக்கம் இருட்டு. அந்தப் பக்கத்திலிருந்து வரும்போது பேசிக்கொண்டே வாருங்கள், அவ்வளவுதான். மிச்சமிருக்கும் கண்ணைப் பொன்போலக் காப்பாற்றுங்கள்.

எப்படிப்பட்ட இடம் வேண்டும்?

கிணறு. முதலில் கிணற்றைச் சொல்லிவிடுகிறேன். நம் காடுகழனியில் கைப்பிடிச் சுவர் இல்லாத பெரிய கிணறுகள் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். தண்ணீர் வற்றி, சுற்றிலும் புதர் மண்டி, பக்கத்தில் போகும்வரை மனிதருக்கே தெரியாது. கண் தெரியாத குதிரை இருக்கும் அடைப்புக்குள் அப்படி ஒரு கிணறோ, பண்ணைக் குட்டையோ, மூடாத போர்வெல் குழியோ இருக்கவே கூடாது. "அந்தப் பக்கம் போகாதுங்க" என்று சொல்லும் இடத்தில் நான் குதிரையை இறக்கமாட்டேன்.

அடுத்தது வேலி. முள்கம்பி கூடாது. சோலார் வேலியும் கூடாது. காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் பயந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் நிறையப் போட்டிருக்கிறார்கள், அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு. ஆனால் கண் தெரியாத குதிரைக்கு ஷாக் எங்கிருந்து வந்தது என்றே புரியாது, மிரண்டு கம்பிக்குள்ளேயே பாயும். மூங்கில் அல்லது சவுக்குக் கட்டையில் மார்பு உயரத்துக்குக் குறுக்குத் தடி கட்டுவதே நல்லது. நம் மாவட்டத்தில் கல் மலிவு என்று எல்லோரும் கருங்கல் கம்பம்தான் நடுகிறோம். அதன் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். பழைய டயரையோ தேங்காய் நார்க் கயிற்றையோ சுற்றிவிடுங்கள்.

வேலி வருவதைக் குதிரைக்கு முன்கூட்டியே சொல்ல ஒரு வழி இருக்கிறது. வேலிக்கு உள்பக்கமாக நாலைந்து அடி அகலத்துக்கு ஜல்லியோ மணலோ கொட்டிவிடுங்கள். காலடி மாறியதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும் இப்படியே. ரோஜா ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டது.

மாந்தோப்புக்காரர்கள் நிறையப் பேர் இடம் தருகிறேன் என்கிறார்கள். நிழல் அருமைதான். தலை உயரத்துக்குக் கீழே இருக்கும் கிளையை வெட்ட வேண்டும். காய் உதிரும் காலத்தில் தினமும் பொறுக்க வேண்டும், மாங்காயைக் கொட்டையோடு தின்று வயிற்றுவலி வந்தால் குதிரை செத்தே போகலாம். மருந்து அடிக்கும் வாரம் வேறு இடத்தில் கட்ட முடியாது, அதற்கு இடம் மாறுவதே தண்டனை. அதனால் தோப்பில் ஒரு பகுதியை மருந்து படாமல் நிரந்தரமாக ஒதுக்கித் தர முடியுமா என்று கேளுங்கள்.

சீதோஷ்ணம் ஒத்துவருமா?

ஓசூர் மத்திகிரிப் பண்ணையை 1824-ல் தொடங்கியதே ராணுவத்துக்குக் குதிரை வளர்க்கத்தான். ஓசூர் மேட்டுக் குளிர்ச்சி அதற்கு வசதியாக இருக்கும். தர்மபுரி, அரூர் பக்கம் சித்திரை, வைகாசியில் நிழலும் தண்ணீரும் இரட்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

என்ன தீவனம்?

மற்ற குதிரைக்கு என்னவோ அதேதான். புல், காய்ந்த தட்டை, கேழ்வரகுத் தாள், ஊறவைத்த கொள்ளு. நம் மண்ணில் விளைவதே போதும். எதையும் திடீரென்று மாற்றாமல், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். தண்ணீர் ஒரு நாளைக்கு 25 முதல் 45 லிட்டர், கோடையில் கூடுதல்.

மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் கொடுக்காதீர்கள். சிலவற்றில் மொனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். மாட்டுக்கு ஒன்றும் ஆகாது, குதிரைக்கு இதயம் நின்றுவிடும். அறுவடை முடிந்த தக்காளிக் காட்டிலும் விடாதீர்கள். அந்தச் செடி அதற்கு விஷம். உண்ணிச்செடியும் அப்படியே. கண் தெரியாத குதிரை வாய்க்குக் கிடைத்ததைத் தின்னும் என்பதால் அடைப்பை நாமே களையெடுத்து வைக்க வேண்டும்.

தினமும் எப்படிக் கையாள்வது?

தொடுவதற்கு முன் பேசுங்கள். ஒவ்வொரு முறையும், ஆறு வருடம் பழகியிருந்தாலும். கழுத்தில் கை வைத்து, கையை எடுக்காமலே பின்பக்கம் போங்கள். முகத்து முடியைக் கத்தரிக்காதீர்கள், அழகுக்கென்று ஊர்வலக் குதிரைகளுக்கு வெட்டிவிடுவார்கள். கண் தெரியாத குதிரைக்கு அதுதான் கைத்தடி.

சொற்கள் பழக்குங்கள். நாங்கள் "நில்", "மேடு", "பள்ளம்", "மெல்ல" என்ற நாலையும் ஒரே குரலில், ஒரே மாதிரி சொல்கிறோம். மேடு என்றால் ரோஜா காலைத் தூக்கும். ஓசூர், தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் நிறைய. பெங்களூரிலிருந்து வரும் குதிரைக்கு வேறு பாஷை பழகியிருக்கும். குதிரையை வாங்கும்போது அதற்குத் தெரிந்த சொற்களை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் கொடுக்கும்போதும் அப்படித்தான் எழுதிக் கொடுக்கிறோம்.

மண்வெட்டி, தள்ளுவண்டி, பைக், எதையும் அதன் பாதையில் ஒரு நிமிடம்கூட நிறுத்தாதீர்கள். குளம்பை 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். ஈக்காலத்தில் கொசுவலைத் துணியில் முகமூடி தைத்துப் போடுங்கள், பார்வை இல்லை என்றாலும் ஈ மொய்த்தால் கண்ணில் புண் வரும்.

துணை வேண்டுமா?

வேண்டும். தனியாக நிற்கும் குதிரைக்கே மனசு கெடும், கண் தெரியாததற்குக் கேட்கவே வேண்டாம். இன்னொரு குதிரைதான் என்றில்லை. சாந்தமான கழுதை, வெள்ளாடு எதுவானாலும் சரி, கழுத்தில் ஒரு மணி கட்டிவிடுங்கள். அந்தச் சத்தத்தை வைத்தே மேயப் போகும், நிழலுக்குத் திரும்பும். தீவனத்தைப் பிடுங்கித் தின்கிற, உதைக்கிற துணை மட்டும் ஆகாது. கழுதையானால் நுரையீரல் புழுவுக்கு மருந்து கொடுத்துவிட்டுச் சேருங்கள். கழுதைக்கு அறிகுறியே இருக்காது, குதிரைக்கு இருமல் பிடிக்கும்.

ஊர்வலத்துக்கோ வண்டிக்கோ பயன்படுத்தலாமா அண்ணா? அதுதான் எங்களுக்குச் சோறு.

உங்கள் கஷ்டத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் கூடாது. அதற்குக் காதுதான் கண். மேளம், வெடி, ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவில் நிறுத்தினால் மிச்சமிருக்கும் அந்தக் கண்ணையும் கட்டிவிட்டதுபோல ஆகிறது. மிரண்டால் மாப்பிள்ளை விழுவார், சுற்றி ஆடும் பிள்ளைகள் மிதிபடுவார்கள். உடல் தகுதி இல்லாத பிராணியை வேலை வாங்குவது 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. பட்டினியும் தாகமும் வரும் என்று தெரிந்தே கைவிடுவதும் அதே சட்டத்தில் குற்றம். ராத்திரியில் நெடுஞ்சாலை ஓரம் அவிழ்த்து விட்டுவிட்டுப் போவதைத்தான் சொல்கிறேன். விடுவதற்கு முன் யாரையாவது கேளுங்கள்.

நல்ல வீடு எப்படிப் பார்ப்பது?

சந்தையில் விற்காதீர்கள். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு நல்ல குதிரைகள் வரும், போகும், நானும் போயிருக்கிறேன். ஆனால் கண் தெரியாத குதிரை தரகர் கையில் போனால் நாலு கை மாறும். நாலு ஊர், நாலு கொட்டகை, நாலு குரல். அதற்கு அதைவிடக் கொடுமை இல்லை.

கேட்டு வருகிறவர்களில், பரிதாபப்பட்டுக் கண்கலங்குகிறவர்களிடம்தான் எனக்குப் பயம் அதிகம். முதல் மாதம் கேரட், வெல்லம், போட்டோ. ஆறாவது மாதம் "வேலை அதிகம், திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்". இது எனக்கு நடந்தது. அந்தக் குதிரை திரும்பி வந்து எங்கள் இடத்தை மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொண்டது. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு வலிக்கிறது, தப்பு என்னுடையது, நான் சரியாக விசாரிக்கவில்லை.

இப்போது நான் நிலத்தின் அளவைக் கேட்பதில்லை. பகல் முழுக்க வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்கிறேன். மாடுகளுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் காட்டுகிறார்கள் என்று கேட்கிறேன். சட்டென்று ஒரு நேரம் சொன்னால் மனசுக்குள் பாதி சம்மதம். கிழட்டு எருதைக் கறிக்கு அனுப்பாமல் வைத்திருந்த வீடென்றால் முழுச் சம்மதம். பாலக்கோடு பக்கம் ஒரு வயதான தம்பதி, உழவு மாடு செத்த பிறகு காலிக் கொட்டகையோடு இருந்தார்கள். காலை ஐந்துக்கு எழுந்து ஒரே வேலையை ஒரே வரிசையில் செய்கிறவர்கள். எங்கள் மட்டக்குதிரை அங்கேதான் இருக்கிறது. தோப்புக் காவலுக்குக் குடும்பத்தோடு தங்கியிருப்பவர்களும் நன்றாகப் பார்ப்பார்கள், ஆனால் நிலம் அவர்களுடையதல்ல. அப்படியானால் சொந்தக்காரரிடமும் பேசி எழுதி வாங்குங்கள்.

சுழி, ராசி பார்க்கிறவர்கள் இருந்தால் முதலிலேயே கேட்டுவிடுங்கள். வீட்டில் ஏதோ நடந்து, "குருட்டுக் குதிரை வந்த நேரம்" என்று யாராவது சொன்னால் அன்றோடு அதற்கு அங்கே இடமில்லை.

எதையும் மறைக்காதீர்கள். எந்தக் கண், என்ன நோய், என்ன மருந்து, எதற்கு மிரளும், கடிக்குமா, எல்லாவற்றையும் சொல்லி, கையோடு எழுதிக் கொடுங்கள். வெள்ளைத் தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்வதில் இது கட்டாயம் இருக்கட்டும்: விற்கக் கூடாது, வேறு யாருக்கும் தரக் கூடாது, வேலைக்கு விடக் கூடாது, வைத்துக்கொள்ள முடியாமல் போனால் எங்களிடமே திருப்ப வேண்டும், நாங்கள் எப்போது வந்தாலும் பார்க்கலாம். துணையோடு பழகியிருந்தால் இரண்டையும் சேர்த்தே கொடுங்கள்.

புது வீட்டில் முதல் நாள்?

காலையில் கொண்டுபோங்கள். பயணத்துக்குத் தகுதி என்று டாக்டரிடம் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். துணையை முதலில் இறக்கி, மணிச் சத்தம் கேட்டபின் குதிரையை இறக்குங்கள். நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குக் கூட்டிப்போய், விரலால் தண்ணீரை அளைந்து சத்தம் காட்டுங்கள். பிறகு தலைக்கயிற்றைப் பிடித்தபடி வேலியோரமாக ஒரு சுற்று, திரும்பி எதிர்ப்பக்கமாக ஒரு சுற்று. மறுபடி தொட்டி. இதை நாளைக்கு மூன்று நாலு முறை செய்யுங்கள். முதல் வாரம் சின்ன அடைப்பு, பிறகு பெரியது. பழைய தலைக்கயிறும் பழைய கொட்டகையின் கொஞ்சம் வைக்கோலும் கூடப் போகட்டும்.

வரவேற்க ஊரே கூடி நிற்க வேண்டாம். பார்த்துக்கொள்ளப் போகிற ஒருவர் குரல் மட்டும் போதும்.

எப்போது விடை கொடுக்க வேண்டும்?

வலி எந்த மருந்துக்கும் அடங்காதபோது. அல்லது மூன்று நாலு மாதம் பொறுமையாகப் பழக்கியும் ஓயாமல் சுற்றிச் சுற்றி வந்து, வேலியில் மோதி, தின்னாமல் இளைத்துக்கொண்டே போனால். சில குதிரைகளால் முடிவதில்லை, அது யார் குற்றமும் இல்லை. அப்போது டாக்டர் கையால், பழகிய இடத்தில், பழகிய குரல் பக்கத்தில் இருக்க அனுப்புங்கள்.

துணை செத்துப்போனால் என்ன செய்வது?

போன மாசி மாதம் எங்கள் கழுதை இறந்தது. புதைப்பதற்கு முன் ரோஜாவை அழைத்துவந்து முகரவிட்டோம். நெடுநேரம் முகர்ந்தது. இருந்தும் நாலு நாள் கனைத்துக்கொண்டே இருந்தது, காது கொட்டகைப் பக்கமே நின்றது. ஐந்தாம் நாள் காயடித்த வெள்ளாட்டுக் கிடா ஒன்றை வாங்கிவந்தேன். பழைய மணியைக் கட்டாதே, ஏமாந்துபோகும் என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கும் தயக்கம்தான். ஆனால் புதுச் சத்தத்தை அது இந்த நிலையில் கற்றுக்கொள்ளுமா என்று யோசித்து, அதே மணியைக் கட்டினேன். சத்தம் கேட்டு ரோஜா ஓட்டமாக வந்தது. குனிந்து முகர்ந்து, வேறு வாசனை என்று தெரிந்ததும் இரண்டடி பின்வாங்கி நின்றுவிட்டது. அன்று முழுக்கப் பக்கத்தில் போகவில்லை. மறுநாள் வெயில் ஏறியபோது ஆடு மாமரத்தடிக்குப் போனது, மணிக்குப் பின்னால் பத்தடி தள்ளி ரோஜாவும் போனது.